பெயர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

"அன்புக் கணவர், பாசமிகு தாத்தா, ஓய்வுபெற்ற தோட்ட டிரசர்." 1986இல் தாத்தா இறந்தபோது எங்கள் அப்பா பத்திரிகைக்குக் கொடுத்த மரண அறிவிப்பின் இரண்டாவது வரி இது. கத்தரித்த துண்டு என்னிடம் இருக்கிறது. தேதி அச்சாகியிருந்த மேல்விளிம்பைக் கத்தரிக்கோல் விழுங்கிவிட்டது. பின்பக்கத்தில் அப்பா பேனாவால் 'மார்ச்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார். அந்த வரியில் பொய் ஏதுமில்லை. ஒன்று விடுபட்டிருக்கிறது: அவர் பழிவாங்கியவர். அதை எந்தப் பத்திரிகையும் கறுப்புக் கட்டத்துக்குள் போடாது. நான் போடுகிறேன்.

அந்த மலைத் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு படித்து, இப்போது கிள்ளானிலும் ஈப்போவிலும் மூட்டுவலியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாத்தாவை உங்களுக்குத் தெரியும். அவர் கையால் அம்மை குத்திக்கொண்டு அழுதவர்கள் நீங்கள். டிரசர் என்றால் யார் என்று உங்கள் பேரப்பிள்ளைகள் கேட்டால், தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர், டாக்டர் மலையேறி வராத நாளெல்லாம் டாக்டர் அவர்தான் என்று சொல்லுங்கள்.

அவர் கொழுந்து பறிக்கும் பெண்ணை, எங்கள் அப்பாயியை, கட்டிக்கொண்டவர். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமல்ல. குவார்ட்டர்ஸில் இருந்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளின் வீட்டம்மாக்கள் அப்பாயியைத் தங்கள் வீட்டு முன்வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டதில்லை. தாத்தாவும் அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த எங்கள் அப்பாவின் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள். "நான் பொறந்த எடத்துக்கே வந்துட்டேன். பாவம், நீங்கதான் கீழ எறங்கிட்டீங்க" என்று அப்பாயி சிரித்தாள்.

கூடை சுமந்து சுமந்து அவளுக்கு வலது தோள் மேலே எழும்பாது. அதனால் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுவது தாத்தாவின் வேலை. வாசற்படியில் அவளை உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் துணிக்கட்டு கட்டும் அதே கவனத்தோடு, வகிடு எடுத்துப் பின்னுவார். தொழிற்சாலையிலிருந்து வாடிய கொழுந்தின் வாசம் பனியோடு சேர்ந்து இறங்கிவரும் நேரம் அது. வேலைக்குப் போகிற ஆண்கள் சும்மா போவார்களா?

"என்னா டிரசர் ஐயா, இன்னைக்கு ஒத்தச் சடையா, ரெட்டச் சடையா?"

"ஒன் தலையையும் காட்டிட்டுப் போடா. பேன் எடுத்து விடறேன்."

அந்தச் சீப்பு மாட்டுக் கொம்பில் செய்தது. நடுவில் இரண்டு பல் கிடையாது. இப்போது அது எங்கே என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

தாத்தாவின் இடத்துக்குப் புது டிரசர் வந்தது 1977இன் நடுவில் என்பது என் கணக்கு. அண்ணன் அடுத்த வருடம் என்பான். நான்காம் வகுப்பு வாத்தியார் மாறிய வருடம் என்பதால் என் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். கீழே டவுனில் படித்துத் தேறிய இளைஞன். சிவப்பு மோட்டார் சைக்கிள், இஸ்திரி போட்ட சட்டை. வந்த வாரத்திலேயே மருந்தகத்து அலமாரிகளைத் துடைத்து, பழைய மருந்துப் போத்தல்களையெல்லாம் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டினான். ஒவ்வொரு வேளைக்கும் எவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் வெட்டுவெட்டாய்க் காகிதம் ஒட்டிய போத்தல்கள் அவை. அந்தக் காகிதங்களை வெட்டி ஒட்டியவர் தாத்தா. பள்ளத்தில் கண்ணாடி உடைகிற சத்தம் எங்கள் லயம் வரை கேட்டது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். நான் வாசலில்தான் இருந்தேன்.

"ஐயா, இங்க யார் யாருக்கு என்னா நோவு, எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு ஒங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் கேட்டுக்கலாம்னு..."

"போத்தலக் கொட்டுறப்ப வந்து கேட்டியா?"

"காலாவதியான மருந்துங்கய்யா. ரூல்ஸ் இருக்கு."

"அப்ப ரூல்ஸையே கேட்டுக்க."

கதவு சாத்தப்பட்டது. அன்றுமுதல் தாத்தா அவன் பெயரைச் சொன்னதில்லை. 'அந்தப் பயல்' என்பார். தாத்தா நன்றாகக் கேட்டார் என்று எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆண்டுக் கடைசி மழையை நினைவிருக்கிறதா? காயாத துணி, காயாத விறகு, பள்ளிக்கூடத்து பெஞ்சில் பூசணம். அப்பாயி வேலையை விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் விறகுக்காகத் தேயிலைக் காட்டுக்குப் போவாள். அப்படிப் போனபோது வெட்டிவிட்ட தேயிலைக் கட்டை ஒன்று பாதத்தில் குத்திவிட்டது. புண் சீழ் வைத்தது. தாத்தா தினமும் சுடுநீரில் கழுவிக் கட்டினார். குறையவில்லை. ஒரு காலையில் மருந்து வாங்கத் தானா ராத்தா டவுனுக்குப் பஸ் ஏறினார். எங்கள் மருந்தகம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் அங்கே போகவில்லை.

அவர் போன பிறகு அப்பாயிக்குக் குளிர் கண்டது. பல் கிட்டிப்போகும்போல நடுங்கினாள். பார்த்துப் பொறுக்காமல் எதிர்வீட்டு அத்தை அவளைக் கைத்தாங்கலாக மருந்தகத்துக்கு அழைத்துப் போனாள். புது டிரசர் ஓர் ஊசி போட்டான். அத்தை பிற்பாடு நூறு தடவை சொன்னாள், அதனால் எனக்கு மனப்பாடம்: "போட்ட கையோட, தொண்டய அடைக்குதுடின்னா. மொகமெல்லாம் தடிச்சுப் போச்சு. அவன் என்னென்னமோ செஞ்சான். இன்னொரு ஊசியும் போட்டான். வேனக் கொண்டாரச் சொல்லிக் கத்தினான். வேன் வர்றதுக்குள்ள எம் மடியில சாஞ்சுட்டா."

பஸ் தொழிற்சாலை வளைவில் நின்றபோது தாத்தாவின் ஒரு கையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. இன்னொரு கையில், அவளுக்காக பிரிஞ்சாங் வரை போய் வாங்கிய ஊதாநிறக் கம்பளிச் சட்டை. அத்தை ஓடிப்போய்க் காலில் விழுந்தாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னா ஊசி?"

"எனக்கு என்னா தெரியும் ஐயா? பாலு மாதிரி வெள்ளையா இருந்துச்சு."

அவர் அப்படியே ரோட்டோரத்து ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். துக்கம் என்று நினைத்தோம்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, தாத்தா என் அம்மாவிடம் காய்ந்த மிளகாய் கேட்டார். அம்மா பயந்துபோனாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும். தீராத அநியாயம் நடந்தால் காட்டோரத்து அம்மன் முன்னால் மிளகாயை அரைத்து அவள் உடம்பில் பூசிவிட்டு வருவது எங்கள் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அவளுக்கு எரிகிற எரிச்சலில் குற்றவாளியைத் தேடிப் போவாள். காரியம் முடிந்ததும், பூசியவரே போய் இளநீரும் பாலும் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலையோடு நிறுத்திக்கொண்ட தாய்மார்களைத் தாத்தா வாழ்நாள் முழுக்கத் திட்டியவர். அவர்தான் மிளகாய் கேட்டார்.

நானும் போனேன். ஓடைக்கு மேலே, மரப்பெரணிகளுக்கு நடுவில் அம்மனாக நின்ற அந்தக் கருங்கல். மழை ஒழுகிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு அம்மியில் அரைத்துப் பழக்கமில்லை, குழவி வழுக்கியது. நான் பிடுங்கி அரைத்தேன். கை எரிந்தது, கண் எரிந்தது, அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

வாரநாட்களில் கங்காணியாகவும் வெள்ளிக்கிழமைகளில் பூசாரியாகவும் இருந்தவர்தான் பக்கத்தில் நின்றார்.

"பேரச் சொல்லிப் பூசுங்க, டிரசர் ஐயா."

"அவளுக்குத் தெரியும்."

"ஆயிரம் பேரு இருக்காங்க மலையில. ஆத்தா யாருன்னு கண்டா? பேரச் சொல்லுங்க."

"அந்தப் பேரு எவ் வாயில வராது."

"பேரில்லாம பூசினா அது எங்க போயி நிக்கும்னு நான் சொல்ல முடியாது, லா."

தாத்தா இரண்டு கையாலும் விழுதை அள்ளிக் கல்லில் அப்பினார். "எம் பொண்டாட்டி சாவுக்கு எவன் காரணமோ, அவன் துடிக்கணும். மருந்துக்குக்கூட மருந்து கிடைக்காம துடிக்கணும்" என்றார். அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

அம்மன் தன் வேலையைத் தொடங்குவதற்குள் நம் லயம் தொடங்கிவிட்டது. எங்கள் லயத்திலிருந்து மருந்தகத்துக்கு யாரும் போகவில்லை. காய்ச்சலும் வெட்டுக்காயமும் எங்கள் வாசற்படிக்கு வந்தன. தாத்தா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. புது டிரசருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டு அத்தைதான். நிறுத்திவிட்டாள். அவன் தானே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போனவள் நின்று கேட்டாள்:

"சோறு வேகலியா, டிரசரே? ஒரு ஊசியப் போட்டுப் பாருங்க. ஒடனே அடங்கிரும்."

அவன் தலை நிமிரவில்லை. புகையால் கண் கலங்கியது என்று அத்தை சொன்னாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிவப்பு மோட்டார் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் நாம் வேலியில் தொற்றிக்கொண்டு "ஊசி! ஊசி!" என்று கூவியதை நீங்கள் மறந்திருந்தால், நான் மறக்கவில்லை. அவன் மாற்றல் கேட்டிருக்கிறான், பதில் வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

டிசம்பரில் மண் சரிந்தது. தானா ராத்தா போகிற பாதையை மூடிக்கொண்டு செம்மண்ணும் மரமும் கிடந்தன. டெலிபோனும் செத்துவிட்டது. அன்று மத்தியானம், தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு குழந்தைக்கு வலிப்பு என்று ஆள் வர, புது டிரசர் மழையிலேயே மோட்டாரை எடுத்தான். தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் வளைவில் சேறு வழுக்கிவிட்டது. மோட்டார் வாய்க்காலுக்குள்; அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே, இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொழுந்துச் சாக்கில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

கங்காணி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் பயமும் மகிழ்ச்சியும் கலந்திருந்தன.

"டிரசர் ஐயா, ஆத்தா கேட்டுட்டா! அவன் காலு போச்சு!"

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட வந்த? ஆத்தாவையே வந்து கட்டச் சொல்லு."

"வெளையாடாதீங்கய்யா. தொர சொல்லி அனுப்பினாரு. பாத தெறக்க எத்தன நாளாகுமோ. காலு நீலமா இருக்கு."

தாத்தா நகரவில்லை. அப்பா வேலை உடுப்போடு வந்து நின்றார். தாத்தாவை எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாதவர் அவர்.

"அப்பா, அந்தக் கால எடுக்க வேண்டியதாப் போனா, அம்மா திரும்பி வந்துருமா?"

"வராது. அதனாலதான் ஒக்காந்திருக்கேன்."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தாத்தா எழுந்து முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். "பையக் கொண்டா" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன். அவன் அழுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போனேன்.

மருந்தகத்தில் ஸ்பிரிட் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும். அப்பாயி சாய்ந்த அதே பெஞ்சுக்குப் பக்கத்துக் கட்டிலில் அவனைப் போட்டிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. கழுத்துக் கயிற்றில் இருந்த சாவியை எடுத்து நீட்டினான்.

"ஐயா, மேல்தட்டுல வலி ஊசி இருக்கும். அதப் போட்டுட்டு இழுங்கய்யா. தாங்க முடியல."

தாத்தா அலமாரியைத் திறந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும். அவர் உயரமானவர், மேல்தட்டை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினார்.

"இல்ல."

"இருக்கும் ஐயா. நல்லாப் பாருங்க."

"இல்லன்னேன்."

அப்பாவும் கங்காணியும் அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைகளைத் தாத்தா நீளம் பார்த்து வைத்தார். கடிப்பதற்குத் துணியைச் சுருட்டினார். துணியைக் கடிக்க அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுச் செய்யுங்கய்யா. அம்மாவுக்கு அந்த மருந்து ஆகாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லிவிட்டுக் காலை இழுத்துக் கட்டியிருக்கலாம். தாத்தா பொய் சொல்லவில்லை.

"தெரியும். ஒருக்கா நாந்தான் போட்டேன். ஒடம்பெல்லாம் தடிச்சு, பொழுது விடிய மூச்சுக்குத் தவிச்சா. அது பெனிசிலின்னு அவளுக்கே சொல்லல. பயந்துக்குவான்னு. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"அதக் கேக்கத்தானே ஐயா ஒங்க வாசலுக்கு வந்தேன்?"

"வந்த. நான் கதவச் சாத்தினேன். அதுவும் எனக்குத் தெரியும். இப்ப வாயத் தொற."

துணியை வாயில் வைத்தார். பாதத்தைப் பற்றி இழுத்தார். ஒரேயடியாக அல்ல, மெதுவாக, எலும்பு எலும்பைத் தேடிப் பொருந்தும்வரை. அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பிக்கொள்ளவில்லை. பார்க்க வந்ததை முழுக்கப் பார்த்தேன். கட்டு, அப்பாயியின் சடையைப் போல ஒரே சீராக ஏறியது. முடிந்ததும் அவன் கால்விரல்களைத் தன் உள்ளங்கையில் பொதிந்துகொண்டு, சூடு திரும்புகிறதா என்று பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

பாதை திறந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, படமெடுத்துப் பார்த்த டாக்டர், பிரித்துக் கட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாராம். கால் நேராகக் கூடியது. நொண்டல் கிடையாது. பிறகு மாற்றலும் கிடைத்துப் போய்விட்டான்.

அம்மன் கேட்டுவிட்டாள் என்று லயம் முடிவு செய்துவிட்டது. இளநீர் கொண்டுவரச் சொல்லி, குளிர்விக்கச் சொல்லி, கங்காணி பல வெள்ளிக்கிழமைகள் வந்து நின்றார்.

"காரியம்தான் முடிஞ்சு போச்சே ஐயா. ஆத்தாவ எரிச்சலோட விடக்கூடாது. ஒங்களுக்குத்தான் ஆகாது."

"முடிஞ்சுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அந்தப் பயலை இன்னும் விடப்போவதில்லை என்று நான் புரிந்துகொண்டேன், உள்ளூர மகிழ்ந்தேன். அவர் அம்மன் முன்னால் பெயரைச் சொல்லவில்லை, 'எவன் காரணமோ' என்றுதான் சொன்னார் என்பது என் மண்டையில் உறைக்கப் பல வருடங்கள் ஆயின. மருந்தகத்தில் அவர் சொன்னதைக் கேட்ட மற்ற இருவரும் அதை வெளியே விடவில்லை. அப்பா அதைப் பற்றிக் கடைசிவரை பேசவேயில்லை. லயத்துக்கு அவன்தான் குற்றவாளி. தாத்தா அதை மறுத்ததில்லை; ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னதுமில்லை.

1986இல் அவருக்கு வயிற்றில் புற்று. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலி ஊசி போட நர்ஸ் வரும்போதெல்லாம் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அப்பா கெஞ்சினார், கத்தினார்.

"எதுக்குப்பா இப்படி?"

"வேணாம்னா வேணாம்."

கடைசி நாள்வரை போட்டுக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விதத்தை இங்கே எழுதி உங்கள் பிற்பகலைக் கெடுக்க விரும்பவில்லை.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் புது டிரசர் மீது ஆறவில்லை: கதவு சாத்தியிருந்தால் என்ன, ஊசியைக் கையில் எடுத்தவன், முன்னே ஏதாவது ஊசி போட்டு உடம்பு தடித்ததுண்டா என்று அவளையே கேட்டிருக்கலாம். அவளுக்கு வாய் இருந்தது. தாத்தா மீதும் ஆறவில்லை. இருவரில் யார் மீது அதிகம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் புது டிரசரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், பேரன் கையைப் பிடித்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: அன்றைக்கு அலமாரியில் வலி ஊசி இருந்ததா?

"இருக்கும்னுதான் நெனச்சேன்மா. ஒண்ணு மிச்சம் வச்ச மாதிரி ஞாபகம். ஆனா அந்த வாரம் நான் தூங்கவே இல்ல. யாருக்காச்சும் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். திரும்பி வந்து பாக்கல. பாக்கப் பயம்."

"பயமா?"

"இருந்துட்டா?"

அவர் பேரனுக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார். நேரான நடை.

மருந்தகக் கட்டடம் இப்போது இல்லை. அலமாரி யாரிடம் போனதென்று விசாரித்தும் பயனில்லை. கங்காணியும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். ஆகவே, தாத்தா திறந்து நின்ற அந்த மேல்தட்டில் வலி ஊசி இருந்ததா என்பது உறுதி செய்யப்படாமல் நிற்கிறது. இருந்திருக்க வேண்டும், இருந்தும் அவர் எடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். விருப்பத்தை நான் ஆதாரமாக எழுதுவதில்லை.